டப்பாவுக்குள் நடந்த யானை

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சினிமா பார்த்தவர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். எங்கள் ஆபீஸ் 'டப்பா'. கதாநாயகி கண்ணீர் வடிக்க, இவர் மட்டும் திரும்பி உட்கார்ந்து, பின்சுவர் ஓட்டையிலிருந்து பாயும் வெளிச்சத்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"படம் அங்கே ஓடலை ஓய், இங்கே ஓடறது" என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டுவார்.

பெயர் வந்தது ஒரு வனஸ்பதி டப்பாவால். சுற்றிலும் நெட்டுக்குத்தாகக் கீறல் வெட்டி, வரிசையாகப் படம் வரைந்த காகிதத்தை உள்ளே சுருட்டி வைத்து, கிராமபோன் தட்டில் ஏற்றிச் சுற்றவிடுவார். கீறல் வழியே பார்த்தால், அடேயப்பா! நெற்றியில் சிவப்பு மையால் போட்ட நாமத்தோடு ஸ்ரீரங்கத்துக் கோயில் யானை அசைந்து அசைந்து நடந்து துதிக்கையைத் தூக்கியது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

"ஒரு படம் போனப்புறமும் கண்ணு அதை விடாது. அதுக்குள்ளே அடுத்தது வந்துடும். அவ்வளவுதான் ஓய்" என்றார். அவ்வளவுதானாம்!

அந்த நடையைப் பிடிக்க, பென்சிலும் கையுமாக, சித்திரை வீதியில் யானைக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். ஏதோ பிரார்த்தனை என்று ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் அவர் காலில் விழுந்தே விட்டாள்.

இந்த லட்சணத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? போன இடமெல்லாம் டப்பாவைக் கண்டதும் தட்டிப்போயிற்று. கடைசியாக உத்தர வீதியில் ஒரு இடம் வந்தது. பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னிக்கு மட்டும் அதை எடுக்காதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றேன், பெண் பார்க்கப் போகும் வழியில். சொஜ்ஜி வருமுன்பே டப்பா அவர்கள் வீட்டு கிராமபோன்மேல் ஏறிவிட்டது.

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். யானை நடந்தது. பரவசமாகக் கைகூப்பியவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"என்ன ஓய் அக்கிரமம்! நம்ம பெருமாள் யானை நடுநடுவே வடகலை ஆயிடறதே!"

வைஷ்ணவர்களில் இரண்டு கட்சி, ஸ்ரீரங்கம் கோயில் தென்கலைக் கட்சி. தென்கலை நாமத்துக்கு மூக்கில் இறங்கும் பாதம் உண்டு, வடகலைக்குக் கிடையாது. ஒரே ஒரு படத்தில் பாதம் போட மறந்திருக்கிறார் நம்மாள். சுற்றுக்கு ஒரு தரம் யானை கட்சி மாறிக்கொண்டிருந்தது! நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"சித்த இருங்கோப்பா" என்று எழுந்து வந்தாள் பெண். கீறலில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"நிஜமாவே நடக்கறதே!" என்றாள் மெல்ல.

பிறகு தட்டை நிறுத்தி, காகிதத்தை உருவி, அந்த யானையைத் தேடிப் பிடித்து, தன் கண்மையைச் சுண்டுவிரலால் தொட்டு அதற்குப் பாதம் வைத்தாள். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அப்புறம் எப்போது அந்த டப்பா சுற்றினாலும், சிவப்பு நாமங்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பாதம் மின்னி மறையும். "சிவப்பு மையால திருத்திடலாமே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தொட்டீரோ, கையை ஒடிச்சுடுவேன்" என்றார் டப்பா. அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்று.