மேட்டுப்பாளையத்தில் ஒரு ஸ்வெட்டர்

உலகத்தில் எந்த அப்பனும் எடுக்காத சபதத்தை கீழ் கோத்தகிரி தனசிங் எடுத்தார். மகள் ஆன்சியின் நிச்சயதார்த்தம் முடிகிற வரைக்கும் தன் முழங்கை சம்பந்தி வீட்டார் கண்ணில் படக்கூடாது!

முழங்கையில் அப்படி என்ன என்கிறீர்களா? சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை என்று சிவப்புச் சிவப்பாகத் திட்டு, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். பல வருஷத்துச் சொத்து. மனுஷன் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலையைத் தூளாக்கும் டீமேக்கர். அங்கே ஒரு ஈ காக்காய்க்குக் கூட இது தெரியாது. எப்படித் தெரியும்? நம் மலையில்தான் வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் ஆச்சே! உடம்பில் பாதியை ஒளித்து வைத்துக்கொண்டு கௌரவமாக வாழ இதைவிட நல்ல ஊர் ஏது?

ஆனால் மாப்பிள்ளை பெனிஸுக்கு மேட்டுப்பாளையம். நிச்சயதார்த்தமும் அவர்கள் சபையில்தான். அதுவும் மே மாசம். சம்பந்தி வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே தனசிங் பீரோவைத் திறந்து முழுக்கைச் சட்டைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க, இது ஒட்டுற நோயில்லையே. தெரிஞ்சா என்னங்க?” என்றாள் மனைவி ரோஸ்மேரி. பள்ளிக்கூடத்து டீச்சர். எட்டாம் வகுப்பையே மேய்க்கிறவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்?

“என்னவா? பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. சம்பந்தம் அதோட சரி! என் புள்ள கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கும். மூச்சு விடக்கூடாது நீ!”

“விடலீங்க. ஆனா ஒண்ணு. தெரியக்கூடாதுன்னா அது உடம்புல இருக்கக்கூடாது. கிளம்புங்க டாக்டர்கிட்ட.”

“டாக்டர் எதுக்கு? நானே பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொண்ட லட்சணம் நமக்குத் தெரியாதா? போன மாசம்தான் நம்ம ஊர்த் தைலம் நல்லதென்று தோல் வெடித்த இடத்தில் யூகலிப்டஸ் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். அவர் போட்ட சத்தத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், காட்டெருமைதான் எஸ்டேட்டுக்குள் புகுந்துவிட்டது என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

ஆனால் இப்போது மகள் விஷயம். வாயை மூடிக்கொண்டு ரோஸ்மேரியோடு குன்னூர் தோல் டாக்டரம்மாவிடம் போனார்.

“பழைய தோல் உதிர்ந்து புதுசு வர ஒரு மாசமாவது ஆகணும்,” என்றார் டாக்டரம்மா. “உங்களுக்கு அது சில நாள்லயே முளைச்சு வந்துடுது. உடம்போட எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாம சொந்தத் தோலையே போட்டு விரட்டுது.”

“ஃபேக்டரி தாங்காத அளவுக்கு இலை வந்து குவியுமே, அந்த மாதிரிங்களா?”

“அதேதான்.”

“அப்ப வேரோட எடுத்துருங்க.”

“வேரோட எடுக்க முடியாது. அடக்கி வைக்கலாம். ஆனா விட்டுவிட்டு வைத்தியம் பார்த்தா மறுபடி எகிறும்.” டாக்டரம்மா ரோஸ்மேரியை ஒரு பார்வை பார்த்தார். “வீட்ல அடக்கி வைக்கிற ஆள் இருந்தா நல்லது.”

“அதுக்கு நானாச்சுங்க டாக்டர்,” என்றாள் ரோஸ்மேரி.

களிம்பு கொடுத்தார்கள். குளித்த ஈரம் காய்வதற்குள் பூச வேறொன்று. சொறியக்கூடாது. செதிலைப் பிய்க்கக்கூடாது. தைலம் கூடவே கூடாது. விரல் மூட்டு வலித்தால் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் குன்னூருக்கு வந்து ஒளி வைத்தியத்துக்காக ட்யூப்லைட் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் நிற்க வேண்டும். எல்லாம் சரியென்று தலையை ஆட்டியவர், கடைசி விதியில் கொதித்துப் போனார். கொதிக்கிற வெந்நீரில் குளிக்கக்கூடாதாம்! வெதுவெதுப்பான தண்ணீர்தானாம்!

“கீழ் கோத்தகிரியில வெதுவெதுப்பா குளிக்கிறதுக்கு நான் செத்தே போகலாம்!” என்று மறுநாள் காலையில் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ரோஸ்மேரி சண்டைக்கே வரவில்லை. செல்போனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“சம்பந்தியம்மா பேசுனாங்க. உங்க வீட்டுக்காரர் ஏன் எப்பவும் ஸ்வெட்டரும் கையுமா இருக்காருன்னு கேட்டாங்க.”

அண்டாவிலிருந்து கை நழுவியது. “நீ என்ன சொன்ன?”

“குளிர் தாங்க மாட்டார்னேன். நம்புன மாதிரி தெரியலீங்க.”

அன்றிலிருந்து வெதுவெதுப்புக் குளியல்தான். பல் தந்தியடிக்கும். ஆனாலும் விடவில்லையே மனுஷன்! ஒரு நாள் குன்னூர் பஸ்ஸைத் தவறவிட்டு, “இன்னிக்கு ஒரு நாள்தானே” என்று இழுத்தார். “சம்பந்தி அடுத்த வாரம் இந்தப் பக்கம் வர்றாராமுங்க” என்றாள் ரோஸ்மேரி. தனசிங் எஸ்டேட் லாரியில் தேயிலைத்தூள் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து குன்னூர் போய்ச் சேர்ந்தார். சம்பந்தி வரவில்லை. எப்படி வருவார்? அவருக்கே அந்தச் சேதி தெரியாது.

மே மாசம் வந்தபோது முழங்கால் சுத்தமாகிவிட்டது. தலையில் செதில் குறைந்துவிட்டது. முழங்கை மட்டும் முரண்டு பிடித்தது, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் செதில். கண்ணாடி முன்னால் நின்று பார்த்த தனசிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் மகளுக்காக ஒரு முழங்கையை ஜெயிக்க முடியவில்லையே என்று.

ஆனால் சபதம் சபதம்தான். முழுக்கைச் சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், தலையில் மங்கி கேப். மேட்டுப்பாளையத்தில் இறங்கினார்.

ஐயோ, அந்த வெயில்! சபை ஹாலில் ஃபேன் அனல் காற்றை வாரி வாரி இறைத்தது. மாப்பிள்ளைச் சொந்தமெல்லாம் விசிறிக்கொண்டு தனசிங்கையே பார்த்தது.

“கழட்டுங்க. மயங்கி விழுந்துருவீங்க,” என்று ரோஸ்மேரி கிசுகிசுத்தாள்.

“என் பொணத்துல இருந்துதான் கழட்டணும்.”

போதகர் ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினார். ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணைத் திறந்தபோது தனசிங் தரையில் கிடந்தார்.

“காத்து விடுங்க, காத்து விடுங்க!” சம்பந்தி தேவாசீர் ஓடிவந்து கேப்பைப் பிடுங்கி, ஸ்வெட்டரை உருவி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். தனசிங் கண் திறந்தார். ஹால் முழுக்கத் தன் முழங்கையைப் பார்ப்பது தெரிந்தது. போச்சு. எல்லாம் போச்சு. ஆன்சி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

“அட, நல்லாக் குறைஞ்சிருக்குதுங்களே!” என்றார் தேவாசீர். “பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே உங்க வீட்டம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டாங்க. ஒட்டாதுன்னும் சொன்னாங்க, பொண்ணுக்கு வரலாம், வராமயும் போகலாம், வந்தா வைத்தியம் இருக்குன்னும் சொன்னாங்க. தோல் சங்கதி எங்களுக்கு ஒரு சங்கதியே இல்லீங்க. இந்த மே மாசத்து ஸ்வெட்டரைப் பத்தித்தான் யாரும் சொல்லல. மாமனாருக்குத் தலைக்குள்ள ஏதாச்சும் கோளாறான்னு பெனிஸ் காலையிலிருந்து பயந்துட்டிருக்கான்.”

அந்தப் பக்கம் ஆன்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனசிங் மெல்லக் கழுத்தைத் திருப்பினார். ரோஸ்மேரி நிதானமாக விசிறிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கே சொல்லிட்டியா? அப்புறம் எதுக்குடி என்னை இத்தனை மாசம் பச்சைத் தண்ணியில போட்டு வதைச்ச?”

“தெரியும்னு சொல்லியிருந்தா களிம்பு போட்டிருப்பீங்களா?” விசிறி நிற்கவில்லை. “இது அடங்குனாலும் திரும்ப வருமாமுங்க. கல்யாணம் முடிஞ்சப்புறம் யாரைச் சொல்லி உங்களை மிரட்டறதுன்னுதான் இப்ப யோசிச்சிட்டிருக்கேன்.”