கஜானியின் நேர்த்திக் கோழியை நான் ஏலத்தில் எடுத்தது பற்றி

மதிப்புக்குரிய 'பங்கு மடல்' ஆசிரியர் ரதீஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் உமக்கு நல்ல சுகம் தர வேண்டுகிறேன். உமது மாமி என்ற உரிமையில் அல்ல, சந்தா தவறாத வாசகி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அறுவடைத் திருநாள் காணிக்கை ஏலத்தில் நான் ஒரு முஸ்லிம் மனிதரோடு கோழிக்காகச் சண்டை பிடித்தேன் என்று ஊரில் சொல்லித் திரிகிறார்கள். உமது மடலும் "கடும் போட்டி" என்று எழுதிவிட்டது. அது பிழை. நான் போட்டி போட்டது என்னோடுதான். அந்த மனிதர் ஏறாவூர் றுஸ்தி, பத்து வருடமாக என்னைப் பூசைக்கு ஏற்றி வரும் ஓட்டோக்காரர். எனக்காக ஏலம் கேட்கவே அங்கே நின்றவர்.

உமது மாமா, தபால் அதிபர், இருந்தவரை ஏலம் கேட்பது அவருடைய வேலை. அவர் போன பிறகு வந்த முதல் திருநாள் இது. பெண் பொது இடத்தில் குரல் உயர்த்தக் கூடாது, முன் வரிசையில் இருப்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கன்னியர் மடத்தில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். ஆகையால், "கோழி வந்தால் விடாதேயும், யார் கேட்டாலும் கூட்டிக் கேளும்" என்று றுஸ்தியிடம் சொல்லி வைத்தேன். கோழி வந்தது. கஜானி எழுநூறு ரூபாய் என்றாள். அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. இருநூறு பேர் நிற்கிற முற்றத்தில் ஆண்டவருடைய கோழிக்கு எழுநூறா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. றுஸ்தி ஓட்டோவை நிழலில் விடப் போனவர் இன்னும் வரவில்லையாக்கும் என்று நானே கையை உயர்த்தி ஆயிரம் என்றேன், பின்னாலிருந்து, அந்தக் கோபத்தில் எனக்கு ஆள் பிடிபடாத ஒரு குரல் ஆயிரத்து ஐந்நூறு என்றது, நான் இரண்டாயிரம் என்றேன், குரல் விடவில்லை, நானும் விடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் ஒன்பதாயிரம் என்றதும் அந்தக் குரல், "டீச்சர், பேர்ஸில அவ்வளவு இருக்கா?" என்று கேட்டது.

"நான் என்று தெரிந்தும் ஏன் காணும் கேட்டீர்?" என்றேன் பிறகு.

"யார் கேட்டாலும் எண்டுதானே சொன்னீங்க. உங்களத் தவிர எண்டு சொல்லல்லயே!"

முற்றம் அமைதியாக இருந்தது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கொடுப்பது எப்படி என்று ஊருக்குக் காட்டிவிட்ட நினைப்பில், கோழியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள், தேவாலய வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் சூசைமுத்து வந்து வாசலிலேயே நின்றார். "டீச்சர், அது கஜானி கொண்டு வந்த கோழி. மகள்ர ஒப்பரேஷன் சரிவந்ததுக்கு நேர்ந்தது. நேர்த்திக் கோழிய அந்த வீட்டாக்களே ஏலத்தில எடுப்பாங்க. மத்த ஆக்கள் வாய் திறக்கமாட்டம்."

நேர்த்தியும் தீரும், கோழியும் வீடு போகும். இருநூறு பேரும் வாய் மூடி நின்றது கஞ்சத்தனத்தால் அல்ல, ரதீஸ். அந்தக் கோழியின் முட்டையை விற்றுத்தான் அவள் மகளுக்கு மருந்து வாங்குகிறாள். அந்த வழக்கம் உமது மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் ஒரு இடி இடித்திருப்பார், நானும் அடங்கியிருப்பேன்.

கோழியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கஜானி எனக்குக் கதிரை தந்தாள், தேநீர் தந்தாள், கோழியை மட்டும் தொடவில்லை. "ஆண்டவருக்குக் குடுத்ததச் சும்மா திருப்பி வாங்கப்படாது எண்டு நீங்கதானே டீச்சர் எங்களுக்குப் படிப்பிச்ச நீங்க. ஏலத்தில எடுத்தாச் சரி. இப்ப எப்பிடி?" என்றாள். அவள் என் ஞாயிறு மறைக்கல்வி மாணவி. பிறகு அது இட்ட எட்டு முட்டைகளைச் சேர்த்து றுஸ்தியிடம் கொடுத்தனுப்பினேன். எட்டும் அதே ஓட்டோவில் திரும்பி வந்தன. நம்மிடம் உள்ளதெல்லாம் ஆண்டவருடையது, நாம் பொறுப்பாளர் மட்டுமே என்று முப்பது வருடம் படிப்பித்தேன். கொடுக்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதைப் படிப்பிக்கவில்லை. எனக்கே தெரியாதே.

ஆகவே அடுத்த ஞாயிறு பூசை முடிய, இந்த ஒரு கோழியை மட்டும் மீண்டும் ஏலம் விட வேண்டும். அந்த அறிவித்தலையும் என் மன்னிப்பையும் முதல் பக்கத்தில் போடும். கஜானி கேட்பாள், மற்றவர்கள் வாய் மூடி நிற்பார்கள். நான் வீட்டிலேயே இருப்பேன். றுஸ்தியையும் வர விடமாட்டேன்.

உமக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் மாதா துணை நிற்பாராக.

இப்படிக்கு,
பிலோமினா இன்னாசித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் குசினிக்குப் போனேன். திரும்பி வந்த எட்டு முட்டையும் இருந்த கூடையில் ஏறி அந்தக் கோழி அடை கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வருவதை நான் எப்போதும் கண்டித்தே வந்திருக்கிறேன் என்பதையும் குறித்துக்கொள்ளும். கடிதத்தை எடுத்துப்போக வந்து, கையை வைத்துப் பார்த்த றுஸ்தி கோழியிடம் கொத்து வாங்கினார். இருபத்தொரு நாளைக்கு அசைக்கக் கூடாதாம். எனவே ஏலம் வேண்டாம், மேலே எழுதிய எதையும் பிரசுரிக்கவும் வேண்டாம். றுஸ்தி கஜானிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். "அடைக்கோழியப் பாக்க டீச்சருக்குத் தெரியுமா?" என்று சிரித்தாளாம். நாளைக்கு வருகிறாளாம். கோழி ஆண்டவருடையது, முட்டையை அவளும் ஏற்கவில்லை, நானும் உண்ணவில்லை. குஞ்சுகள் யாருடையவை என்று பங்குச் சுவாமியிடம் கேட்டு, தயவுசெய்து எனக்குக் கடிதமாகப் பதில் எழுதும்.