கையெழுத்துக்குக் காத்திருந்த ஊசி

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால் நெருப்பு என்பார்கள் சிலர்; சக்கரம் என்பார்கள் சிலர். விவரம் போதாதவர்கள். தலையாயது கையெழுத்துக் கட்டம். நெருப்பால் குடிசை எரிகிறது. சக்கரத்தால் குரோம்பேட்டையில் காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு நகர மறுக்கிறது. கையெழுத்துக் கட்டத்தால் மட்டும் இதுவரை எதுவுமே நடந்ததில்லை. எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அதைக் கண்டுபிடித்தார்கள்!

இந்த மகத்தான உண்மையைக் குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்தில் முதலில் உணர்ந்தவன் ஸ்ரீரங்கன். வயது முப்பத்துநான்கு. சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ‘தர மேலாண்மைப் பிரதிநிதி’. அதாவது, வால்வு ஒழுகினால் அவன் பொறுப்பல்ல. ஒழுகியதற்குப் படிவம் இல்லையென்றால் அவன் பொறுப்பு. கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கிக் கொடுத்த கையோடு தன் வீட்டையும் அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். கேஸ் சிலிண்டர் மாற்ற ஒரு படிவம், தண்ணீர் லாரிக்கு ஒன்று, மனைவி ஸஹானாவின் தாய்வீட்டுப் பயணத்துக்கு ஒன்று. இதை எழுதுகிறவனுக்கும் ஸ்ரீரங்கனுக்கும் செருப்பு அளவு, சட்டை அளவு, ரேஷன் கார்டு மூன்றும் ஒன்றே என்பதால் தகவல்களின் நம்பகத்தன்மையை யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

2010ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி. ஸஹானாவுக்கு ஐந்தாம் மாதம். கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர் அவள். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அமலராணி, பிரஷர் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஸஹானா, ஃப்ளூ தடுப்பூசி ஒண்ணு போட்டுடலாம். பன்னிக் காய்ச்சல் மறுபடி சுத்துது. நீங்க வேற நாள் முழுக்கப் பசங்க நடுவுல இருக்கீங்க.”

“குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?” என்றாள் ஸஹானா.

“குழந்தைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மாசமா இருக்கறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தா சட்டுனு நெஞ்சுல இறங்கிடும். பொறந்த குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் இந்த ஊசி போட முடியாது. அம்மாகிட்டேர்ந்து போற எதிர்ப்பு சக்திதான் அதுக்குப் பாதுகாப்பு. இதுல இருக்கறது செத்த கிருமி, காய்ச்சல் வராது. ஃப்ரிட்ஜ்ல ரெடியா இருக்கு. ரெண்டு நிமிஷம்.”

ஸஹானா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள்.

“ஒரு நிமிஷம் டாக்டர். வீட்ல கலந்து பேசிட்டு வரோம்” என்றான் ஸ்ரீரங்கன்.

வீடு என்பது அவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவனைக் குறை சொல்லி லாபமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கரு மூன்றாம் மாதத்தோடு தங்காமல் போயிருந்தது. ‘யாரையும் கேக்காம அவளை ஸ்கூட்டர்ல வெச்சுண்டு சுத்தினியே’ என்று உறவில் ஒருவர் வந்து சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஸ்ரீரங்கனுக்குப் பயம். பயமாயிருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல ஆண்பிள்ளைக்கு வாய் வருமா? படிவம் போட்டான்.

படிவ எண்: வீடு/கர்ப்பம்/01. பொருள்: ஸஹானா. கையெழுத்துக் கட்டங்கள் ஐந்து. மாமியார் பாலாம்பாள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத் தலைவரும் ஓய்வுநேர ஹோமியோபதி நிபுணருமான சுப்பராயலு, நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனன் பிரணவ், பம்மல் ஜோசியர், இறுதி ஒப்புதலுக்கு ஸ்ரீரங்கன்.

ஸஹானா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“என் கட்டம் எங்க?”

“நீ பயனாளி. பயனாளியே கையெழுத்துப் போடக் கூடாது. ஆடிட்ல மாட்டிக்கும்.”

“யாரு ஆடிட் பண்ணப் போறா?”

“நான்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை ஸ்ரீரங்கன் ‘பயனாளியின் முழு ஒத்துழைப்பு’ என்று கோப்பில் குறித்துக்கொண்டான்.

கோப்பு புறப்பட்டது. முதலில் பொழிச்சலூருக்கு. பாலாம்பாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

“எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை மாப்ளே. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஆடி பொறக்கப் போறதே. ஆடி போகட்டும்.”

“ஆடியில கிருமி வராதா மாமி?”

“வரும். நாம நல்ல காரியம் பண்ண வேண்டாமேன்னு சொன்னேன்.”

‘ஆடி நீங்கலாக ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அடுத்து சுப்பராயலு. அவர் கோப்பைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, ‘கண்டேன்’ என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பினார்.

“சரின்னு அர்த்தமா சார்?” என்று கேட்டான் ஸ்ரீரங்கன்.

“கண்டேன்னு அர்த்தம் தம்பி. முப்பத்தாறு வருஷம் செக்ரடேரியட்ல குப்பை கொட்டியிருக்கேன். கண்டேன்னு எழுதினவன் எவனும் இதுவரைக்கும் கோர்ட் படி ஏறினதில்ல.”

ஸ்ரீரங்கனுக்கு மெய்சிலிர்த்தது. இப்படிப்பட்டவர் காலடியில் உட்கார்ந்து கற்க வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவிலிருந்து பிரணவ், படிவம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மின்னஞ்சலில் பதில் போட்டிருந்தான். ‘இன்னுமா போடலை? இங்க மாசமா இருக்கறவா எல்லாரும் போட்டுக்கறா. ஒடனே போடு’ என்று ஒரே வரி. அது உரிய படிவத்தில் இல்லாததால் ஏற்கப்படவில்லை. கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும்படி ஸ்ரீரங்கன் நினைவூட்டல் அனுப்பினான். மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு மைத்துனன் பதில் போடுவதை நிறுத்திக்கொண்டான்.

ஜோசியர்தான் உண்மையான சிக்கலை எடுத்துச் சொன்னார். தடுப்பூசிக்குப் பஞ்சாங்கத்தில் நாள் கிடையாது. உடம்பில் குத்துகிற சுப காரியம் என்றால் காதுகுத்து ஒன்றுதான். வேண்டுமானால் அந்த முகூர்த்தத்தையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணி, ஆவணிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அதுவரை ஸ்ரீரங்கன் சும்மா இருந்தான் என்று நினைக்க வேண்டாம். வாசலில் கை கழுவும் திரவம் வைத்தான். பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் கைக்குட்டையில் முடிந்து ஸஹானாவின் கைப்பையில் போட்டான். பால்காரர் முகமூடி அணிந்த பிறகே பால் வாங்கப்பட்டது. ஊசியைத் தவிர ஊரில் சொன்ன அத்தனையும் செய்தான்.

அலுவலகத்தில் கொள்முதல் பார்க்கும் ஷாகுல் ஒருநாள் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டான்.

“இன்னா சார் இது, வூட்டுக்கு லோன் போட்டுகினு கீறியா?”

ஸ்ரீரங்கன் விளக்கினான். ஷாகுல் வாயைப் பிளந்தான்.

“நம்ம வூட்டம்மா நிகத்துக்கும் ஆறு மாசம் சார். டாக்டரம்மா போட்டுக்கோன்னாங்க, போட்டுகினு வந்துட்டோம். ஒரு நாள் கை வலிச்சுது, அவ்ளோதான். இதுல இன்னா பேஜாரு?”

“ஆவணம் ஏதாவது வெச்சிருக்கீங்களா ஷாகுல்?”

“ஆவணமா? பஞ்சு ஒட்டி அனுப்ச்சாங்க சார்.”

ஆவணமில்லாமல் மனைவிக்கு ஊசி போட்ட அந்த மனிதனை ஸ்ரீரங்கன் இரக்கத்தோடு பார்த்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், கம்பெனி கேன்டீனில் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடந்தது. சாம்பார் வாளிகளை ஒதுக்கிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். நர்ஸ் “அடுத்தது!” என்றார். ஸ்ரீரங்கன் சட்டைக் கையை மடித்தான். குத்தினார்கள். பஞ்சை அழுத்திக்கொண்டே போய்த் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டான். தர மேலாண்மைப் பிரதிநிதி முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? வீட்டில் ஊசி விஷயம் ‘பரிசீலனையில்’ இருந்ததால், நடுவில் இதைச் சொல்லி யாரையும் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

ஆவணி கடைசி வாரம், திங்கட்கிழமை. ஸஹானாவின் வகுப்பில் பதினோரு குழந்தைகள் வரவில்லை. வந்தவர்களும் இருமினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள்.

“ஸ்ரீ, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல வலிக்கறது.”

தெர்மாமீட்டர் நூற்றுமூன்று காட்டியது. மறுநாள் மத்தியானம் அவளால் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அசையவே... மாட்டேங்கறது ஸ்ரீ” என்றாள். ஸ்ரீரங்கன் அவளை அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கோப்பை எடுத்துக்கொள்ள மறந்துபோனான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் கோப்பை மறந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் கற்றைத் தாளை நீட்டினார்கள். ஒன்பது இடத்தில் கையெழுத்து. மூச்சுத் திணறல், ஏழு மாதக் குழந்தை, எது நேர்ந்தாலும் என்றெல்லாம் ஏதோ அச்சாகியிருந்தது. ஒரு வரி படிக்காமல் ஒன்பது இடத்திலும் போட்டான். பத்தாவதாக ஒன்று காட்டியிருந்தால் அதிலும் போட்டிருப்பான்.

“மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஆக்சிஜன் வெச்சிருக்கோம். ரெண்டு நாள் போகட்டும், சொல்றேன்” என்றார் டாக்டர் அமலராணி. ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. நடைபாதை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்ரீரங்கன் அழுதான். கட்டம் போட்டு, வரிசை எண் கொடுத்து அழவில்லை. மூக்கு ஒழுக, கண்டபடி அழுதான். பெருக்க வந்த அம்மாள், “காலைத் தூக்குப்பா” என்று சொல்லிவிட்டுக் காலடியில் பெருக்கிக்கொண்டு போனாள்.

ஜோசியர் குறித்த வெள்ளிக்கிழமையும் வந்தது. குறித்த முகூர்த்தத்தில் ஸஹானாவின் கையில் ஊசி ஏறியே இருந்தது. குளுக்கோஸ் ஊசி.

ஆனால் அன்றைக்குத்தான் காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீரானது. டாக்டர் கருவியை வயிற்றில் வைத்தார். டக்டக்கென்று வேகமாக, அறை முழுக்கக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு. ஸஹானா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

“தப்பிச்சோம்” என்றார் டாக்டர். “இனிமே ஜாக்கிரதையா இருக்கணும். குழந்தை பொறந்ததும் தூக்கப் போறவங்க எல்லாரும் இந்த ஊசி போட்டுக்கறது நல்லது. சார், நீங்க போட்டுக்கிட்டீங்களா?”

நான்கு நாளில் முதல்முறையாக ஸ்ரீரங்கனுக்குச் சரியான பதில் தெரிந்த கேள்வி. முதுகு தானாக நிமிர்ந்தது.

“போட்டாச்சு டாக்டர். ஆகஸ்ட் நாலாம் தேதி, எங்க ஆபீஸ் கேன்டீன்ல. பேட்ச் நம்பர்கூட இருக்கு.”

டாக்டர் கருவியைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். ஸஹானா முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைத் தானே விலக்கினாள்.

“யார் யார் கையெழுத்துப் போட்டா?”

“எதுக்கு?”

“உன் ஊசிக்கு.”

“யாரும் போடலை” என்றான் ஸ்ரீரங்கன். “அடுத்ததுன்னு கூப்பிட்டா. கையை நீட்டிட்டேன்.”

ஊசியும் பிளாஸ்திரியுமாக நீலம் பாரித்துக் கிடந்த தன் கையை ஸஹானா ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“அப்போ என் கை மட்டும் ஊரார் கையா, ஸ்ரீ?”