கைசரும் ஐந்தாம் மாடியும்

உலகில் நீதி செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒரு நடை மேடவாக்கம் வரட்டும். எங்கள் அடுக்ககத்து லிஃப்ட்டைக் காட்டுகிறேன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான்தான். முப்பத்திரண்டு வருடம் அரசுக் கோப்புகளை இடம் மாறாமல் காத்தவன். விதி என்றால் எனக்கு உயிர்.

சென்ற ஆடியில் சங்கத் தலைவர் ஷ்யாம்சுந்தர் ஒரு ராட்வைலர் நாய் வாங்கினார். ஐம்பது கிலோ. பெயர் கைசர். பெரிய இடத்துப் பிள்ளையிடம் முறையாக அறிமுகம் செய்துகொள்ளாமல் பழகலாமா? மொட்டைமாடியில் 'அறிமுகக் கூட்டம்' கூட்டினோம். சமோசா உண்டு. தலைவர் திரையில் படம் போட்டு விளக்கினார்.

"மாடு ஓட்டும், வண்டி இழுக்கும், காவல் காக்கும், போலீஸ் வேலை பார்க்கும், இடிபாட்டுல ஆளைத் தேடும். ஆல்ரவுண்டர்!"

"இதுல நம்ம அபார்ட்மென்ட்டுக்கு எது செய்யும்?" என்றார் மூன்றாம் மாடி உமேஷ்.

"எதுவும் செய்யாது சார். இது வொர்க்கிங் பிரீடு. வேலை செய்யணும்னு அவசியமில்லை."

பலத்த கைதட்டல். காந்திமதி மட்டும் தட்டவில்லை. கையில் சமோசாத் தட்டு இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவள். ஐந்தாம் மாடியில் மூன்று வீட்டுக்குச் சமையல், பாத்திரம், துணி, தலைவரின் மாமியாரைக் குளிப்பாட்டுவது, என் பேரனுக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் அவள்தான். அவளுக்குப் படம் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அங்கேயே ஒரு மனு வந்தது. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு எளிதில் கெட்டுவிடுமாம். படியேற்றக் கூடாதென்று டாக்டர் சொன்னாராம். கைசருக்கு லிஃப்ட் அனுமதி நான்கு நிமிடத்தில், ஏகமனதாக நிறைவேறியது.

"சார், எனக்கும் முட்டி வீங்கிகினு கீது. எட்டு மாசமா லெட்டர் குடுத்துகினு கீறேன்" என்றாள் காந்திமதி.

"பரிசீலனையில இருக்கும்மா."

"நாலு காலுக்கு நாலு நிமிஷம்னா, ரெண்டு காலுக்கு ரெண்டு நிமிஷம்தானே சார் ஆவணும்?"

பாவம், அவளுக்குக் கணக்கு வருகிறது, விதி வரவில்லை. 'பணியாளர்கள் படிக்கட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்பது சுற்றறிக்கை எண் பதினான்கு. எழுதியவன் நான். நல்ல நடை என்று பலரும் சொன்னார்கள்.

கைசருக்குத் தரைத்தளத்தில் 'இரவுப் பணி'. வாட்ச்மேன் அப்பாதுரையின் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் ஏசி அறை. காலையில் முட்டை சாப்பிட ஐந்தாம் மாடியில் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் நாள் சங்கிலியைப் பிடித்த தலைவரை அது தண்ணீர் லாரி வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போனது. வேலைக்கு வந்துகொண்டிருந்த காந்திமதி பார்த்தாள்.

"டேய், ஒக்காரு!"

உட்கார்ந்தது. தலைவரும் உட்கார்ந்தார்.

அன்றே சுற்றறிக்கையில் திருத்தம் செய்தேன்: 'சங்கிலியின் ஒரு முனையில் நாய் இருக்குமாயின், மறுமுனையைப் பிடித்திருக்கும் பணியாளரும் லிஃப்ட்டில் பயணிக்கலாம். ஒவ்வொரு பயணமும் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும்.' என் மனிதாபிமானத்தை நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

நான்கு மாதம் அவள் நாயோடு ஏறினாள். முட்டி வீக்கம் வடிந்தது. மேலே போனதும் அதன் தலையைத் தட்டி, "நல்ல புள்ள" என்பாள்.

கார்த்திகையில் இரண்டு சைக்கிள் களவு போயின. கேமராவில் பார்த்தால், கைசர் திருடனுக்குக் கை கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருக்கிறது. மானம் போன தலைவர் அதைச் செங்கல்பட்டுப் பக்கம் மச்சான் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை காந்திமதி லிஃப்ட் வாசலில் நின்றாள். கையில் வெறும் சங்கிலி.

"நாய் இல்லையேம்மா. படியில போ."

"மறுபடி படியேறி முட்டிய ஒடச்சிக்க என்னால ஆவாது சார். லிஃப்ட் இல்லன்னா இப்டியே வூட்டுக்குப் போறேன். வேற ஆள் பாத்துக்கோங்க."

அப்போது என் மனைவி கீதா போன் செய்தாள். "காந்திமதி வந்தாச்சா? பாத்திரம் மலையா கெடக்கு. அவ வரலேன்னா நீங்கதான் தேய்க்கணும்!"

என் மனச்சாட்சி திடுக்கிட்டு விழித்தது. ஆனால் விதியைத் திருத்தப் பொதுக்குழு கூட்ட வேண்டும். இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

"விதியை மீற முடியாதேம்மா..."

"மீறச் சொல்லி யார் சார் கேட்டா? இத்தப் புடிங்க."

கைசரின் கழுத்துப்பட்டை இருந்த முனையை என் கையில் திணித்தாள். பிடித்தேன். இழுத்தாள். போனேன். ஐந்தாம் மாடி வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் பதிவேடு கையெழுத்துக்கு வந்தது. அப்பாதுரை மணிமணியான எழுத்தில் குறித்திருந்தார்: 'காலைப் பயணம். பணியாளர் ஒன்று. நாய் ஒன்று. விதிமீறல் இல்லை.'

ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். தவறு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.