பூசணிக்காயை எடுத்துவிட்டுக் கத்தியை மட்டும் வைத்த மச்சானுக்கு

விளம்பரப் பிரிவு மேலாளரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மச்சான் அவர்களுக்கு, அத்தான் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் வீட்டில் முழங்கால்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. நீங்கள் தமிழில் இறக்கியிருக்கும் அந்த வெளிநாட்டுத் தொடரை நேற்று பார்த்து முடித்தேன். கடைசிக் காட்சியில் அழுகை முட்டிக்கொண்டு வர, கைக்கு அகப்பட்ட துணியால் முகத்தைத் துடைத்தேன். அது தரை துடைக்கிற துணி. "அழுறதைக் கொஞ்சம் சுத்தமா அழக் கூடாதா?" என்றாள் உங்கள் அக்கா.

சுவரொட்டியில் என்ன போட்டிருந்தீர்கள்? தலைவிரி கோலமாக ஒரு பெண், கையில் கத்தி, 'பழிக்குப் பழி' என்று சிவப்பெழுத்து. யார் தலை உருளப்போகிறதோ என்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தால், செருப்புத் தைக்கிற ஒரு கிழவர் மகளின் போனுக்குக் காத்திருக்கிறார், காத்திருக்கிறார், கடைசிவரை அதுதான் கதை. கத்தியோடு வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. பூசணிக்காய் நறுக்கி அவருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகிறாள். தலை கலைந்தது காற்றில்.

இதே தொடருக்கு இன்னொரு மொழிச் சுவரொட்டியில் குடைக்குள் இளம் ஜோடியாம். அவர்கள் கிழவரிடம் வழி கேட்டுவிட்டுப் போனவர்கள். சொந்த நாட்டில் மட்டும் ஒரு போன், பக்கத்தில் ஆறிப்போன சாப்பாட்டுத் தட்டு. உங்களிடம் வேலை பார்க்கும் என் மகள், நமக்கும் அப்படியே போடலாம் என்று ஒரு படம் செய்து காட்டியிருக்கிறாள்.

"நம்ம ஜனங்களுக்குக் கத்தியைக் காட்டினாத்தான் கண்ணு திறக்கும்" என்றீர்களாம்.

"மாமா, அது பூசணிக்காய் நறுக்குற கத்தி."

"அப்போ பூசணிக்காயைத் தூக்கிட்டுக் கத்தியை மட்டும் வை."

அவள் மாட்டேன் என்றதும் வேறு ஆளை வைத்துச் செய்துவிட்டு, இப்போது திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை இல்லை என்கிறீர்கள். புத்தி சொல்லி அனுப்பச் சொல்லி எனக்குப் போன் வேறு. ஜனங்களின் ரசனையை அளக்க உங்கள் கையில் யார் படி கொடுத்தது மச்சான்? உங்கள் கணக்குப்படி பார்த்தால், உங்களுக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டுக்கு உங்கள் போட்டோவை விட்டு ஒரு சினிமா நடிகர் போட்டோவை அல்லவா நாங்கள் அனுப்பியிருக்க வேண்டும்?

மகளின் அறைக்குப் போனேன். "கேக்கலைன்னா வேலை போயிடும்ப்பா" என்றாள்.

"போகட்டும்மா. இல்லாத ரத்தத்தைக் காட்டிச் சாப்பிடணும்னு நமக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல."

சில நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள், சிரித்தாள். ஆகவே திங்கட்கிழமை அவள் வரமாட்டாள். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி. வீட்டம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

பி.கு.: மகளிடம் வீராப்பாகப் பேசியவன், ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் தன் தட்டுப் படத்தை முதலில் என்னிடம்தான் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். உங்கள் கத்தியைப் பார்த்த பிறகுதான் ரிமோட்டைத் தேடினேன்.