அழகுராஜா துணைக்கேள்வி கேட்ட படலம்

வாழ்க வெள்ளுடை வேந்தன்! வாழ்க செம்மண் சீமையின் செல்வன்! கல்யாண வீட்டு வாசலில் கண்ணில் பட்டவர் ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து, ஒருவர் முகமும் வாடாமல் பந்திக்கு அனுப்பி வைக்கும் பண்பின் பெருங்கடல், காதுகுத்து என்றால் முதல் ஆளாகவும் கருமாதி என்றால் கடைசி ஆளாகவும் நின்று தொகுதியைக் கட்டியாளும் கருணைக் குன்று, செட்டிநாட்டின் சட்டமன்ற உறுப்பினர் அழகுராஜா, பேரவையில் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக நிகழ்த்திய மாபெரும் போரைப் பாடப் புகுந்தேன். மைக்குக்குள் உறையும் தேவியே, விளக்காய் எரிந்து அருள்பவளே, அவருக்கு அணைந்தாற்போல் எனக்கும் பாதியில் அணைந்துவிடாதே!

காவியப் போர்களுக்கெல்லாம் ஒரு பெண் காரணமாக இருப்பாள். இங்கும் ஒரு பெண் உண்டு. மானகிரியின் பொன்னுத்தாயி. அவளை எந்த அரக்கனும் கவர்ந்து செல்லவில்லை. அவளால் வாசலைத் தாண்டவே முடியவில்லை என்பதுதான் சிக்கல். கணவன் மலையாண்டி பக்கவாதத்தில் விழுந்து, இடக்கையும் இடக்காலும் போர்க்களத்தில் வீழ்ந்த யானைகள்போல் அசைவற்றுக் கிடக்க, நாக்கு மட்டும் தோற்காத தளபதியாய் வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. புரட்டிப் படுக்கவைக்கவும், கஞ்சி ஊட்டவும், கால் கழுவிவிடவும் அவளை விட்டால் ஆளில்லை. வாக்குக் கேட்டு வந்தபோது பார்த்த வீட்டை, வென்ற பிறகும் மறவாமல் பார்க்க வந்த அழகுராஜாவிடம் அவள் சொன்னாள்:

"தம்பி, ரோடு வேணாம், லைட்டு வேணாம். பகல்ல கொஞ்ச நேரம் இவுகளை யாராச்சும் பாத்துக்கிட்டாப் போதும். நான் வெளிய போயிட்டு வருவேன்."

"எங்குட்டுப் போவ?" என்றது கட்டில்.

"நீங்க இல்லாத எடத்துக்கு."

கட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கருணைக் குன்றோ உருகி ஓடியது. எட்டுத் திக்கும் நடுங்க, பக்கத்து வீட்டு ஆடு கத்துவதை நிறுத்த, அழகுராஜா சபதம் செய்தார்: "அக்கா! சுகாதார நிலையத்துக்குப் பக்கத்துலயே பகல் பராமரிப்பு மையம்! சட்டசபையில கேட்டு வாங்காம இனி இந்தத் தெருவுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்!"

அந்தத் தெருவின் கோடியில்தான் மாமனார் வீடு இருக்கிறது என்பதை, திரும்பும் வழியில் காரில் வைத்து மனைவி கீர்த்தி நினைவூட்டினாள்.

முதற்போரும் இரண்டாம் போரும் முடிந்த விதத்தை எப்படிச் சொல்வேன்! இந்தச் சீமையில் ஒரு வீட்டுக்கு உதவி கேட்டுப் போகிறவன் வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட மாட்டான். வீட்டுப் பெரியவரை விசாரிக்க வேண்டும். அவர் தம்பியை விசாரிக்க வேண்டும். மலேசியாவில் இருக்கும் மகனை, மருமகளை, மாட்டை, மழையை விசாரித்து முடித்து, காபி ஆறிய பிறகுதான் வந்த காரியம் வாய்க்கு வரும். அந்த மரபில் ஊறிய நாவல்லவா அழகுராஜாவின் நா! பேரவையில் எழுந்ததும் அது தலைவரைப் போற்றியது, துணைத் தலைவரைப் போற்றியது, அமைச்சரை, கொறடாவை, கோவிலூர் மடத்தை, தன்னை வெற்றிபெறச் செய்த வாக்காளப் பெருமக்களை ஊர் ஊராகப் போற்றிக்கொண்டே போக, கொத்தமங்கலத்தை நெருங்கும்போது பேரவைத் தலைவரின் மணி இடியென விழுந்தது. மைக் மாண்டது. அடுத்த முறை, கொத்தமங்கலத்தார் கோபித்திருப்பார்களே என்று அங்கிருந்தே தொடங்கினார். கோவிலூர் வருமுன் மணி விழுந்தது. கேள்வியோ கருவறையை விட்டு வெளியே வராத உற்சவர்போல் உள்ளேயே இருந்துவிட்டது.

மூன்றாம் போர் மூண்ட நாள். மருத்துவத் துறைக்கான கேள்வி நேரம். சென்னையில் விடுதி அறையில் வேட்டியின் மடிப்பைக் கவசம்போல் நீவிக்கொண்டிருந்த வேந்தனைத் தேடிக் காரைக்குடியிலிருந்து கைப்பேசி வழியே வந்தது கீர்த்தியின் ஆணை.

"இங்க பாருங்க. இன்னைக்கு ஒருத்தரையும் கும்பிடாதீக. எந்திரிச்சதும் கேளுங்க, உக்காருங்க. தீபாவளிக்கு அப்பா வீட்டுக்கு நான் மட்டும் தனியாப் போயி நின்னேன். மாப்பிள்ளை சபதத்துல இருக்காகளாம்னு ஊரே சிரிக்குது."

"ஒரு சின்ன வணக்கம் மட்டும்..."

"வேணாம்."

"எப்படி கீர்த்தி, மொட்டையா?"

"மொட்டையாத்தான். பொன்னுத்தாயி அக்காவை நெனச்சுக்கங்க. ஜெயிச்சுட்டு வந்தீகன்னா, நம்ம ரெண்டு பேருமா அந்தத் தெருவுல நடந்து போவோம். கையைக்கூடப் பிடிச்சுக்கலாம்."

கடைசி வாக்கியத்தில் அவள் சிரித்தது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்புக்காக மலையைப் பெயர்க்கக் காத்திருந்தவர் அழகுராஜா. இன்று நாக்கைக் கட்ட மாட்டாரா?

பேரவை கூடியது. அமைச்சர் ஒரு கேள்விக்கு விடையளித்து அமர்ந்ததும், துணைக்கேள்விக்காக எழுந்த கைகளை என்னென்பேன்! வாளேந்திய காடு வேரோடு எழுந்து நின்றதோ, வெண்கொக்குக் கூட்டம் ஒரே வயலில் வந்து இறங்கியதோ என்று காண்போர் மயங்க, அத்தனை கைகளுக்கு நடுவிலும், மொய்ப் பந்தலில் தூரத்துச் சொந்தத்தைக் கூப்பிட்டுப் பழகிய அந்தக் கை தனியே உயர்ந்து, தனியே அசைந்து, பேரவைத் தலைவரின் கடைக்கண்ணைத் தூண்டில்போல் கவ்வி இழுத்தது.

"உறுப்பினர் அழகுராஜா. ஒரே ஒரு துணைக்கேள்வி. கேள்வி மட்டும்."

எழுந்தார். மைக் விளக்கு ஒளிர்ந்தது. தொண்டைக்குள் தலைவர் வந்து நின்றார், அவரை விழுங்கினார். கோவிலூர் வந்தது, விழுங்கினார். கொத்தமங்கலம் கோட்டை வீடுகளோடும் நூறு வாசல்களோடும் வந்து அடைத்தது. கண்ணீர் மல்க அதையும் விழுங்கினார். போற்றுதற்குரிய அனைவரையும் வயிற்றுக்குள் சிறையிட்டு, வெற்றி வீரனாய் நிமிர்ந்து, அமைச்சரின் முகத்தை நேருக்கு நேர் நோக்கினார். அந்தோ! முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் அந்த ஊர்க்காரர் வாயில் தானாக வரும் சொல் ஒன்று உண்டல்லவா? காவல் இல்லாத கோட்டை வாசல் வழியே அது குதிரையேறிப் பாய்ந்தது.

"சாப்பிட்டீகளா?"

காலையிலிருந்து கோப்புகளோடு மல்லாடிக்கொண்டிருந்த அமைச்சர், என்ன கேட்கப்பட்டது என்று யோசிக்குமுன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"இன்னும் இல்லண்ணே. ஒரு காபிதான்."

கட்சி வேறுபாடின்றி எழுந்த சிரிப்பில் மேற்கூரை விசிறிகள் வழி தவறின. பேரவைத் தலைவர் மணியைத் தட்டினார். "உறுப்பினர் கேட்டுவிட்டார். அமைச்சர் பதில் சொல்லிவிட்டார். அடுத்த உறுப்பினர்."

மைக் அணைந்தது.

மானகிரியில், மலையாண்டி வலக்கையில் பிடித்திருந்த கைப்பேசியில் இதைப் பார்த்த பொன்னுத்தாயி, கஞ்சிக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றாள். "போச்சு," என்றாள்.

போகவில்லை! வில் ஒடிந்தால் வெறுங்கையால் பொருதும் வீரர் பரம்பரை அல்லவா! கண்மாயின் இக்கரையிலிருந்து அக்கரை ஆளை அழைத்து வளர்ந்த தொண்டையை அழகுராஜா திறந்தார். மைக் தேவி வெட்கித் தலைகுனிய, சுருக்கெழுத்தாளர்கள் பேனா நழுவ, சங்கநாதம்போல் கிளம்பியது அந்தக் குரல்.

"அதையேதாங்க நானும் கேக்குறேன்! அமைச்சர் சாப்பிடலைன்னா அடுத்த அறையில சாப்பாடு இருக்கு. எங்க மானகிரிப் பொன்னுத்தாயி அக்கா சாப்பிட உக்காந்தா, படுத்திருக்க புருசனை யாருங்க பாப்பாக? தட்டுல கை வச்சதும் எந்திரிக்கிறாக. கோயிலுக்குப் போயி வருசமாச்சு. நோயாளிக்கு மாத்திரை குடுக்குறோம், பாத்துக்கிறவுகளுக்கு என்ன குடுத்தோம்? பகல்ல மட்டும் கொண்டுபோய் விட்டுட்டு வர ஒரு எடம், ஒரு நர்சு, நாலு கட்டில். கிடைக்குமா, கிடைக்காதா?"

மணியை நோக்கிச் சென்ற பேரவைத் தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. எதிர் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வீட்டிலும் ஒரு கட்டில் இருந்திருக்க வேண்டும். அமைச்சர் எழுந்தார்.

"பேரவைத் தலைவர் அவர்களே, நான் அமைச்சரான பிறகு இந்த அவையில் என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உறுப்பினர் கேட்ட மையம் மானகிரியில் இந்த ஆண்டே திறக்கப்படும்."

மேசைகள் முரசங்களாயின. வென்ற அழகுராஜா, விழுங்கி வைத்திருந்த தலைவரையும் கோவிலூரையும் கொத்தமங்கலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை செய்து போற்றத் தொடங்கினார். மைக் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை.

மானகிரியில் மலையாண்டி கைப்பேசியைக் கீழே வைத்தார். "ஏ பொன்னு, நான் உன்னைச் சோறு திங்கவிடலைன்னு சட்டசபையிலயே சொல்லிப்புட்டாக. இனிமே எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

"இருக்க ஒருத்தியே ஓடப் பாக்குறா. வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது," என்றாள். அன்று முழுக்க அவள் காரணமின்றிச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. தோரணம் ஆட, மேளம் முழங்க, சபதம் முடித்த மாப்பிள்ளை கீர்த்தியின் கைபற்றி மாமனார் தெருவில் நடந்துவர, அவள் வெட்கத்தில் தலை குனிந்துகொண்டே பிடியை மட்டும் இறுக்கிக்கொண்டாள். புது மையத்தின் வாசலில் அழகுராஜா மணியில்லா மேடையில் நின்று, மனங்குளிர அத்தனை ஊர்களையும் போற்றினார். உள்ளே முதற்கட்டிலில் மலையாண்டி அரசனைப்போல் சாய்ந்து, நர்ஸ் சுலைகாவிடம் தன் வீரப் பிரதாபங்களை அவிழ்த்துவிட்டார். அப்போது வாசலில் வந்து நின்றாள் பொன்னுத்தாயி. சிறை மீண்ட தேவி! கை இரண்டும் வெறுமையாக, முதுகு நிமிர்ந்து, வெயிலைப் புதிதாய்ப் பார்ப்பவள்போல் அவள் நிற்க, மேளம் அடங்கியது, கூட்டம் மூச்சடக்கியது, காற்றும் கொடிகளை அசைக்க மறந்து, விடுதலை பெற்ற முதற்பகலில் அந்த வீரத்திருமகள் திசைகள் நான்கில் எதை ஆளப் புறப்படுவாளோ என்று காத்துக் கிடந்தது.

பொன்னுத்தாயி பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய் ரெண்டு நைட்டி எடுத்தாள்.