என்ஜின் அல்லது சேசிஸ்

அரசாங்கப் பதிவேட்டில் அதன் பெயர் 'வசிப்பிட வசதியுடன் கூடிய இயங்கு வாகனம்'. வைத்திருப்பவர்கள் வீட்டுவண்டி என்பார்கள். வைத்திருப்பவரின் மனைவி 'இந்த டப்பா' என்பாள். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, மடக்கு மேசை, முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் மட்டுமே கதவு சாத்திக்கொள்ளும் ஒரு கழிவறை. இவ்வளவும் ஓடும் என்பதுதான் விசேஷம்.

இந்த வண்டியின் உரிமையாளர் வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் படிவம் எழுதி ஓய்வு பெற்றவர். எந்தச் சொல்லுக்குப் பிறகு காற்புள்ளி வர வேண்டும், எதற்குப் பிறகு வந்தால் அரசு கவிழ்ந்துவிடும் என்று முடிவு செய்வது அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்றே பெயர். அவர் ஓய்வு பெற்ற வருடம் வீட்டுவண்டி மோகம் உச்சத்தில் இருந்தது. நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பது ஒரு பிழைப்பா என்று, நாலு சுவர் கட்டவே ஆயுள் முழுக்க உழைத்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். காற்புள்ளிக்கும் அது தொற்றிக்கொண்டது. இருந்த ஒரே வீட்டை விற்று வண்டி வாங்கினார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த மனைவி வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள். நாலாவது முறை சொல்லவில்லை, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவருக்குக் கை உதறும். ஆகவே அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிப்பலகைகளில் உள்ள எழுத்துப் பிழைகளை அறிவித்துக்கொண்டு வருவார். இப்படி ஆறு வருடம் நன்றாகத்தான் போயிற்று.

ஏழாவது வருடம் புகை ஆணை வந்தது. பழைய என்ஜின்கள் கக்கும் புகை பொதுமக்களின் நுரையீரலுக்கும் ஆட்சியின் நற்பெயருக்கும் தீங்கு விளைவிப்பதால், அவற்றை உடனடியாக மாற்றியாக வேண்டும் என்றது ஆணை. காற்புள்ளி ஆணையை இரண்டு முறை படித்தார். பிழை எதுவும் இல்லாததால் கீழ்ப்படிந்தார்.

வண்டிக் கம்பெனியில் கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர், பளபளக்கும் புத்தகம் ஒன்றை விரித்தார். ஏழு வகை என்ஜின், ஐந்து வகை சேசிஸ், எல்லாம் வாடிக்கையாளர் விருப்பம் என்றார். சேசிஸ் என்பது வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டம். காற்புள்ளி யோசித்து, என்ஜின் மட்டும் போதும், இருக்கிற சேசிஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். விற்பனையாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். புது என்ஜின் பழைய சேசிஸில் உட்காராதாம். முன்சக்கரத்தை இழுக்கும் என்ஜினுக்குத் தாழ்ந்த சேசிஸ்தான் வேண்டுமாம். மேலும் உயர்ந்த சேசிஸ் இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லையாம், பார்க்கிறவர்கள் சிரிப்பார்களாம்.

"சரி, தாழ்ந்த சேசிஸ்ல எத்தனை என்ஜின் உட்காரும்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுதான் மேடம்."

"அப்ப ஏழும் அஞ்சும் எதுக்கு?"

"விருப்பத்துக்கு மேடம்."

முப்பத்தைந்து விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலையில் அவர்கள் அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டிலும் அடுப்பும் கழிவறையும் இருந்த மேல்கூடு அப்படியே தூக்கப்பட்டு, புதுச் சேசிஸின் மேல் இறக்கப்பட்டது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. இனி அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது.

பதிவு அலுவலகத்தின் மூன்றாம் சாளரத்தில் இருந்த பெண்மணி, படிவம் பதினேழை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"என்ஜின் மாத்தினீங்களா, சேசிஸ் மாத்தினீங்களா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னு கட்டம் இல்லையே சார்."

படிவத்தில் 'என்ஜின் அல்லது சேசிஸ் மாற்றம்' என்றுதான் இருந்தது. அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். என்ஜினை மாற்றினால் வண்டியைச் சேசிஸ் எண்ணை வைத்து அடையாளம் காண்போம். சேசிஸை மாற்றினால் என்ஜின் எண்ணை வைத்து அடையாளம் காண்போம். இரண்டையும் மாற்றிவிட்டால் எதை வைத்துக் காண்பது? காண முடியாததை எப்படிப் பதிவு செய்வது?

"வாசல்ல நிக்குதேம்மா."

"நிக்கறது வேற வண்டி சார். உங்க வண்டி இப்ப இல்ல."

"அப்ப அந்த வேற வண்டியையாவது பதிவு பண்ணுங்க."

"அதுக்குப் புது வண்டி வாங்கின சான்று வேணும். நீங்கதான் வாங்கலையே."

பத்து நாளுக்குள் பதிவாகாத வண்டியைப் பாரந்தூக்கி வந்து எடுத்துப்போய் நசுக்கிவிடும் என்று அவர் கூடவே தெரிவித்தார். இல்லாத வண்டியை எப்படி நசுக்குவீர்கள் என்று காற்புள்ளி கேட்டார். நசுக்கப்படுவது இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை என்றார் அந்தப் பெண்மணி. காற்புள்ளி மனதுக்குள் விதியைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான், இல்லை. அந்த வண்டியை விட்டால் அவர்களுக்குத் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது.

மறுநாள் ஆய்வாளர் நேரில் பார்க்க வந்தார். சக்கரங்களைக் காலால் தட்டினார், என்ஜின் மூடியைத் திறந்து பெருமூச்சு விட்டார், பிறகு உள்ளே ஏறி மடக்கு மேசையில் உட்கார்ந்தார். மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து, இன்னும் அரை டம்ளர் வாங்கிக்கொண்டு, அறிக்கையை எழுதி முடித்தார். 'மேற்படி இடத்தில் நேரில் ஆய்வு செய்ததில் வாகனம் எதுவும் காணப்படவில்லை. ஒரு சமையலறை காணப்பட்டது.'

சமையலறை என்று வந்துவிட்டதால் விஷயம் கட்டட அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வீடாகப் பதிந்துகொள்ளலாம், தடையில்லை என்றதும் காற்புள்ளிக்கு உயிர் வந்தது. ஆனால் முன் அனுமதி இல்லாமல் அஸ்திவாரத்தை மாற்றியது ஏன் என்று பெரியவர் கேட்டார். அது அஸ்திவாரமில்லை, சேசிஸ் என்றார் காற்புள்ளி. வீட்டின் பாரத்தைத் தாங்குவது எதுவோ அது அஸ்திவாரம் என்றார் பெரியவர். அடுத்த கேள்வி, வீட்டில் மோட்டார் உண்டா என்பது. உண்டு, நூற்று நாற்பது குதிரைசக்தி என்று பொய் சொல்லத் தெரியாத காற்புள்ளி சொல்லிவிட்டார்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு வீட்டுக்கு ஒண்ணரைதான் சார் அனுமதி. நூத்தி நாப்பது வச்சு எத்தனையாவது மாடிக்குத் தண்ணி ஏத்தப் போறீங்க?"

ஐந்தாம் நாள் காற்புள்ளி பதிவு அலுவலகத்தின் பெரிய அதிகாரியிடமே போனார். ஒருகாலத்தில் இவருக்கு நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், எல்லாம் கேட்டுத் தலையசைத்தார். பிறகு பீரோவைத் திறந்து, தடித்த ஒரு கோப்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் காற்புள்ளியின் முகத்தில் ஈயாடவில்லை.

அது அவருடைய கோப்பு. பதினெட்டு வருடத்துக்கு முன் படிவம் பதினேழில் 'என்ஜின் மற்றும் சேசிஸ்' என்று இருந்தது. என்ஜினை மட்டும் மாற்றியவர்களை, போய்ச் சேசிஸையும் மாற்றிவிட்டு வா என்று சாளரத்தில் துரத்தினார்கள். காற்புள்ளிதான் பதினோரு மாதம் போராடி, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் குறிப்பெழுதி, 'மற்றும்' என்பதை 'அல்லது' என்று மாற்றினார். 'ஒரு சொல்லால் ஒரு துறையைக் காத்தவர்' என்று பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். இப்போதும் அதை நினைத்ததும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

"'அல்லது'ன்னா ரெண்டும்னும் எடுத்துக்கலாமே," என்றார் பலவீனமாக.

அதிகாரி நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திறந்து, பக்தியோடு படித்தார். "'அல்லது என்பது ஒன்றை மட்டுமே குறிக்கும். இரண்டையும் குறிக்கும் எனக் கொள்வோர் மொழியும் அறியார், வண்டியும் அறியார்.' உங்க கையெழுத்துதான் ஐயா."

காற்புள்ளி எட்டிப் பார்த்தார். தானே எழுதியதுதான், பொருள் பிழையே இல்லை.

அதிகாரி நல்ல மனிதர், கையை விரித்துவிடவில்லை. ஒரு சொல்லை எழுதியவரே அதைத் திருத்தலாம் என்று விதி இருக்கிறது என்றார். அன்று மாலைக்குள் 'சொல் மறு ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், உறுப்பினர், செயலாளர் மூன்றும் காற்புள்ளியே. புதிய சொற்றொடரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவருடைய வண்டி மட்டுமல்ல, அதே போல் இரண்டையும் மாற்றிவிட்டுத் தவிக்கும் வேறு நாற்பது பேரின் வண்டிகளும் அந்த நிமிடமே இருக்கத் தொடங்கிவிடும். குழு உட்கார அலுவலகத்தில் அறை காலி இல்லை. ஆகவே வளாகத்தில் நின்ற மேற்படி சமையலறையிலேயே குழு கூடும் என்று ஆணை போட்டு, வண்டிக் கதவில் பலகை மாட்டினார்கள்.

ஐந்து நாள் இருந்தது, நாலு வார்த்தை எழுத வேண்டும். காற்புள்ளி வேலையில் இறங்கினார். மடக்கு மேசையில் கோப்புகள் ஏறின, கட்டிலில் அகராதிகள் ஏறின. 'மற்றும்/அல்லது' என்று போடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, சாய்கோடு சோம்பேறிகளின் குறி என்று தள்ளினார். மனைவி குழம்பு தாளிக்கும் சத்தம் குழுவின் கவனத்தைக் குலைப்பதாக ஒரு குறிப்பு எழுதினார். குழுவின் அமர்வு முடியும்வரை படுக்கைக்குப் போக வேண்டாம் என்றார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். பல வருடம் கழித்து மனுஷன் முகத்தில் இப்படி ஒரு களை வந்திருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு பயந்தாள்.

வெளியே நாற்பது பேரும் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றார்கள். அவரவர் வண்டி பின்னாலேயே வளாகம் நிறைய நின்றது. அவர்கள் பகலெல்லாம் அலுவலகத்தைத் திட்டினார்கள். இந்த நாட்டில் துணிச்சலாக ஒருத்தன் இல்லை என்று அலுத்துக்கொண்டார்கள். நடுவில் யாராவது வரிசை மீறினால் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள்.

பத்தாம் நாள் காலை பாரந்தூக்கி வந்துவிட்டது. ஓட்டுநர் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குழுவின் முடிவு தயாராக இருந்தது. 'என்ஜின், சேசிஸ் அல்லது இரண்டும்.' கையெழுத்து மட்டும் பாக்கி. காற்புள்ளி பேனாவைக் கொண்டுபோனார், நிறுத்தினார்.

"போடுங்களேன்," என்றாள் மனைவி.

"'அல்லது'க்கு முன்னாடி ஒரு காற்புள்ளி வரணுமான்னு..."

"வந்தா என்ன, வராட்டி என்ன?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே. வந்தா ஒரு அர்த்தம், வராட்டி ஒரு அர்த்தம். பின்னாடி யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அதிகாரியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

கோப்பை அணைத்துக்கொண்டு இறங்கினார். சங்கிலியின் கொக்கி பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அவள் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, சன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"வர்றீங்களா, இருக்கீங்களா?"

"ஒரு நிமிஷம் இரு."

அவள் அந்த ஒரு நிமிடம் இருந்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கணக்கு டீச்சர் ஆயிற்றே. பிறகு வண்டி நகர்ந்தது. காற்புள்ளி, நில்லு என்று கையை உயர்த்தினார். கையில் கோப்பு இருந்ததால் பாதிதான் உயர்ந்தது. வாயிற்காவலர் ஆய்வாளரின் அறிக்கையைப் படித்தவர், எனவே தடுக்கவில்லை. வெளியேறும் வண்டிகளின் பதிவேட்டில், 'பதினொன்று பத்துக்கு ஒரு சமையலறை வெளியே சென்றது' என்று எழுதிக்கொண்டார். பாரந்தூக்கி ஓட்டுநர், தான் எடுக்க வந்த வண்டி அங்கே இல்லை என்பதால், நசுக்கியாயிற்று என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ராத்திரி எங்கே படுப்பது என்பதுகூடக் காற்புள்ளிக்கு அப்புறம்தான் தோன்றியது. அவள் பக்கத்து இருக்கை காலியாகப் போகிறதே என்றுதான் முதலில் இருந்தது.

வரிசையில் முதல் டோக்கன்காரர் கேட்டார், "அந்தம்மா டோக்கன் நம்பர் என்ன?"

டோக்கனே இல்லை என்று தெரிந்ததும் கொந்தளித்துவிட்டார்கள். நாம் எல்லாம் என்ன முட்டாள்களா, ஐந்து நாளாகக் கால் கடுக்க நிற்கிறோம், அந்தம்மா பாட்டுக்குப் போய்விடுவாரா என்றார்கள். மனு எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்த ஒரே ஆள் கையில் கோப்போடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். முதல் டோக்கன்காரர் சொல்லச் சொல்லக் காற்புள்ளி எழுதினார். 'அப்பெண்மணி மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் அல்லது எங்களையும் அவ்வாறே செல்ல அனுமதிக்க வேண்டும்.'

அங்கே பேனா நின்றது.

"அல்லதுன்னா ஒண்ணுதான் கேக்க முடியும்," என்றார் காற்புள்ளி. "எது வேணும்?"

நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயிற்கதவு திறந்தே கிடந்தது. நாற்பது வண்டிகளின் சாவியும் அவரவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கலந்து பேச அதிக நேரம் ஆகவில்லை. நடவடிக்கைதான் வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

காற்புள்ளி மிச்சத்தை அடித்துவிட்டு, சுத்தமாக ஒரு பிரதி எழுதி, கீழே முதல் கையெழுத்தைத் தானே போட்டார்.